கட்டை விரலுக்கு வேலை இல்லை

உங்கள் வலது கையை ஒரு நிமிஷம் நீட்டுங்கள். அடுப்பில் பால் இருந்தால் இறக்கி வைத்துவிட்டே வாருங்கள், அவசரமில்லை. இப்போது எதிரே ஒரு வில் இருப்பதாகவும், நாணில் அம்பு பூட்டியிருப்பதாகவும் நினைத்துக்கொண்டு, நாணைப் பின்னால் இழுங்கள் பார்க்கலாம்.

கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அம்பின் வாலைக் கிள்ளிப் பிடித்தீர்கள், இல்லையா? கோலமாவை எடுக்கிறோமே, அந்தப் பிடி! ஆனையூரில் எங்கள் தெருப் பெண்மணிகள் ஏழெட்டுப் பேரிடம் இந்தப் பரீட்சையை நடத்திப் பார்த்துவிட்டேன். ஒருவர் தவறாமல் கோலமாவுப் பிடிதான். கூடவே, "ஏன் மதினி, உங்களுக்கு என்ன ஆச்சு?" என்ற விசாரணையும் கிடைத்தது.

இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. எட்வர்ட் மோர்ஸ் என்று ஓர் அமெரிக்கர். டோக்கியோவில் பேராசிரியராக இருந்தவர். உலகத்து ஜனங்கள் நாணை எப்படிப் பிடிக்கிறார்கள், எப்படி விடுகிறார்கள் என்பதைப் பற்றியே 1885-ஆம் வருஷம் ஓர் ஆராய்ச்சி வெளியிட்டார். (மனிதர்களுக்கு எதையெல்லாம் ஆராயத் தோன்றுகிறது, பாருங்கள்!) அவர் கணக்கில் ஐந்து பிடிகள். நம்முடைய கோலமாவுப் பிடிக்கு முதல் இடம். அதற்கு 'ஆதிப் பிடி' என்றே பெயர் வைத்தார். குழந்தைகளும், வில்லையே பார்த்திராதவர்களும் இயற்கையாகப் பிடிப்பது அதுதான். அடுத்த இரண்டும் அதற்கே மற்ற விரல்களைத் துணைக்குச் சேர்த்துக்கொள்வது. நாலாவது மத்தியதரைக் கடல் பிடி: ஆள்காட்டி விரல் அம்புக்கு மேலே, நடு விரலும் மோதிர விரலும் அம்புக்குக் கீழே, மூன்றும் கொக்கி மாதிரி நாணில் மாட்டியிருக்கும், கட்டை விரல் உள்ளங்கைப் பக்கம் மடங்கிச் சும்மா இருக்கும். ஐந்தாவது மங்கோலியப் பிடி. அதில் கட்டை விரல்தான் ராஜா. அது நாணைச் சுற்றி வளைத்து இழுக்க, ஆள்காட்டி விரல் அதன்மேல் பூட்டுப் போட்ட மாதிரி உட்காரும்.

கோலமாவுப் பிடியால் ஒரு விளையாட்டு வில்லை இழுக்கலாம். கொஞ்சம் விறைப்பான வில்லாக இருந்தால் அம்பு விரலிலிருந்து வழுக்கிக்கொண்டு கிளம்பிவிடும். விஜயதசமியன்று கோயிலில் சுவாமி அம்பு போடுகிறாரே, போன தடவை நான் சுவாமியைச் சேவித்துவிட்டு, பட்டரின் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். பாவம், அவரும் கோலமாவுப் பிடிதான்!

எனக்கு எதற்கு இந்த வம்பு என்று கேட்பீர்கள். என் பேத்தியால் வந்தது.

அவள் ஐந்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தபோது வீட்டு இரும்புக் கேட்டில் வலது கட்டை விரல் நசுங்கிவிட்டது. டாக்டர்கள் தங்களால் ஆனதைச் செய்தார்கள். நகத்தோடு மேல் கணு போயிற்று. கீழ்க் கணு சரியாக மடங்குவதில்லை. குழந்தை ஆறு மாதத்தில் பேனாவை ஆள்காட்டி விரலுக்கும் நடு விரலுக்கும் இடையில் செருகி எழுதக் கற்றுக்கொண்டுவிட்டாள். எழுத்து முன்பைவிட நன்றாகவே இருக்கிறது என்று நான் சொல்வேன். கற்றுக்கொள்ளாதவர்கள் மற்றவர்கள்தான். விசேஷ வீடுகளில் அவள் கையை எடுத்துத் திருப்பிப் பார்த்து, "வலது கையாப் போச்சே! நாளைக்கு வாசலில் கோலம் போடணும், நாலு பேருக்குப் பரிமாறணும்" என்பார்கள். நல்ல எண்ணத்தோடுதான் சொல்வார்கள். அதுதான் இன்னும் கஷ்டம், கோபித்துக்கொள்ளக்கூட முடியாது. பெண் வலது கையைத் தாவணி... இல்லை, இந்தக் காலத்தில் தாவணி ஏது... துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டு நடக்கப் பழகிவிட்டாள்.

எட்டாம் வகுப்பு லீவில் அவளுடைய சிநேகிதி ஒருத்தி வில்வித்தை வகுப்பில் சேர்ந்தாள். துணைக்கு இவளும் போனாள்; சேர அல்ல, வேடிக்கை பார்க்க. ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த மாஸ்டர் இவளைக் கூப்பிட்டு, "நீ ஏம்மா தள்ளியே உட்கார்ந்திருக்கே?" என்று கேட்டிருக்கிறார். இவள் பதில் சொல்லாமல் கையை வெளியே எடுத்துக் காட்டியிருக்கிறாள். அவர் பார்த்துவிட்டு, "அந்த விரலுக்கு இங்கே வேலையே இல்லையே!" என்றாராம்.

அன்று சாயங்காலம் பெண் வீட்டுக்குள் நுழைந்ததே ஒரு தினுசாக இருந்தது. குழாயடியில் தண்ணீர் நிறைந்திருந்த வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து என் எதிரே நின்றாள்.

"அப்பத்தா, பாரு. வாளியைத் தூக்குறப்போ கட்டை விரலா தூக்குது?"

நான் பார்த்தேன். வாஸ்தவந்தான். மூன்று விரல்களின் முதல் மடிப்பில் கைப்பிடி தொங்கிற்று. கட்டை விரல் ஓரமாக, கல்யாண வீட்டுக்கு வந்த தூரத்து உறவு மாதிரி நின்றது. நாற்பத்தைந்து வருஷமாக வாளி தூக்குகிறேன், அன்றுதான் கவனித்தேன்.

அவளைச் சேர்ப்பதென்று ஆயிற்று. என் மருமகளுக்கு மனசு இல்லை. "அத்தை, ஏற்கெனவே ஒரு விரல் போச்சு, மிச்ச விரலுக்கும் எதற்கு அபாயம்?" என்றாள். தாயின் பயம், அதில் குற்றம் இல்லை. ஆனால் அன்று இரவு சாப்பாட்டின்போது காரியத்தைக் கெடுக்க இருந்தவர் என் வீட்டுக்காரர். வில் என்று காதில் விழுந்ததும் உற்சாகமாகி, யோசிக்காமல் ஏகலைவன் கதையை ஆரம்பித்துவிட்டார். மண்ணில் துரோணர் பொம்மை செய்தான், வித்தை கற்றான், துரோணர் வந்தார், தட்சிணை கேட்டார் என்று பாதி தூரம் போன பிறகுதான் எங்கே போய் நிற்கப் போகிறோம் என்று அவருக்கு உறைத்தது. சாதத்தைப் பிசைந்தபடியே நிறுத்திவிட்டார். யாரும் பேசவில்லை.

பேத்திதான் கேட்டாள்: "வெட்டிக் குடுத்துட்டான், தெரியும். அப்புறம் அவன் என்ன பண்ணினான் தாத்தா?"

நீங்கள் சொல்லுங்கள், அப்புறம் அவன் என்ன பண்ணினான்? குழந்தைகளுக்கு இந்தக் கதையை எத்தனை தடவை சொல்லியிருப்போம்! எல்லோரும் ரத்தம் சொட்டும் இடத்தில் கதையை முடித்துக்கொண்டு, குரு பக்தி என்றோ, அநியாயம் என்றோ சொல்லிவிட்டு எழுந்துவிடுகிறோம். விரல் போன மறுநாள் காலையில் அவன் என்ன செய்தான் என்று நாம் யோசிப்பதில்லை.

வியாச பாரதத்தைப் புரட்டினேன். ஆதி பருவத்திலேயே இருக்கிறது: மற்ற விரல்களால் அவன் அம்பு எய்து பார்த்தான், பழைய வேகம் இல்லை. அர்ஜுனனுக்கு மனக்கவலை தீர்ந்தது. அதோடு விட்டுவிடவும் இல்லை. துரோண பருவத்தில், கடோத்கசன் மாண்ட பிறகு, கிருஷ்ணன் அர்ஜுனனிடம் பழைய கணக்கு ஒன்றைச் சொல்கிறான். கட்டை விரலோடு இருந்திருந்தால் ஏகலைவனைத் தேவர்களாலும் ஜயிக்க முடியாது என்கிறான். விரல் போன பிறகும், அவன் விரலுறை கட்டிக்கொண்டு காட்டில் தனியே அம்பெய்து திரிந்தபோது இன்னொரு ராமனைப்போல் விளங்கினான் என்கிறான். அப்படிப்பட்டவனை உனக்காக நானே கொல்ல வேண்டியதாயிற்று என்றும் சொல்கிறான். விரலுறை! அதைப் படித்ததும் புஸ்தகத்தை அப்படியே எடுத்துக்கொண்டு போய்ப் பேத்தியிடம் காட்டினேன்.

துரோணர் ஏன் குறிப்பாக அந்த விரலைக் கேட்டார் என்பதும் இப்போது புரிகிறதல்லவா? அந்தக் காலத்து வில்லாளிகள் கட்டை விரலால் நாணை இழுத்திருக்க வேண்டும் என்று கதையிலிருந்தே ஊகிக்கலாம். பிற்காலத்தில் மொகலாயர்களும் அப்படித்தான். அந்த விரலுக்கென்றே பச்சைக் கல், வெள்ளைக் கல் என்று ஜேட் கல்லில் மோதிரம் செய்து போட்டுக்கொண்டார்கள். ஷாஜஹானுடைய மோதிரம் ஒன்று, 1631-32-ஆம் வருஷத்தது, இன்றைக்கும் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் இருக்கிறது. ஆனால் இன்றைய போட்டி மைதானத்தில் கட்டை விரல் ராஜ்யம் போய்விட்டது. கையால் நாணை விடுகிறவர்களில் ஏறக்குறைய எல்லோரும் அந்த மத்தியதரைக் கடல் கொக்கிதான். ஏகலைவனிடம் மிச்சம் இருந்த விரல்கள் இருக்கின்றனவே, அவற்றால்தான் இன்று உலகமே போட்டி போடுகிறது!

வடக்கே பீல் ஜனங்கள் ஏகலைவனை நினைத்து இன்றும் கட்டை விரலைத் தொடாமல் அம்பெய்கிறார்கள் என்று சொல்வதுண்டு. ராஜஸ்தானத்து மலை ஜனங்களில் பிறந்த லிம்பா ராம் காட்டில் மூங்கில் வில்லோடு திரிந்த பையன்தான். 1988, 1992, 1996 மூன்று ஒலிம்பிக்கிலும் நம் தேசத்துக்காக நின்றார். 1992-இல் பீஜிங்கில் 30 மீட்டரில் 360-க்கு 357 எடுத்து உலக சாதனையைத் தொட்டார். ராஞ்சியைச் சேர்ந்த தீபிகா குமாரியும் மாங்காயைக் கல்லால் அடித்துக் குறி பழகி, மூங்கில் வில்லைப் பிடித்துத்தான் ஆரம்பித்தார். 2012-இல் உலகத்தின் முதல் இடத்துக்குப் போனார். இப்போதும் நம் நாட்டில் மூங்கில் வில்லுக்கென்றே 'இந்தியன் ரவுண்டு' என்று தனிப் போட்டி உண்டு. பேத்தி கற்றதும் மூங்கில் வில்தான். விலை கட்டுப்படியாகும் என்பது அதில் ஒரு சௌகரியம்!

அவள் முதலில் இழுத்தது பதினாறு பவுண்டு வில். ஏழு கிலோவுக்குச் சற்று மேலே என்று வைத்துக்கொள்ளுங்கள். ரேஷன் அரிசிப் பையை மூன்று விரல் நுனியில் மாட்டிக்கொண்டு, அதைத் தாடைக்குக் கீழே கொண்டுவந்து, ஆடாமல் நிற்க வேண்டும். இழுப்பது கைபலத்தால் அல்ல, முதுகால் என்கிறார் மாஸ்டர். இழுப்பதாவது பரவாயில்லை, விடுவதுதான் வித்தை!

நாணை விடுவது என்றால் விரல்களை விரிப்பது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படி விரித்தால் போச்சு. எத்தனை சுறுசுறுப்பாக விரித்தாலும் நாண் அதைவிட வேகம். விரல் நுனியில் பட்டு ஒதுங்கி, பக்கவாட்டில் நெளிந்து போகும். அம்பும் அதற்கேற்ப நெளியும். விரலில் நூலளவு கோணல், இலக்கில் ஒரு ஜாண். வீணைத் தந்தியை மீட்டுகிற மாதிரி கையை வெளிப்பக்கம் இழுத்தாலும் அதே கதிதான். "விடாதே, பிடிப்பதை நிறுத்து" என்பது மாஸ்டரின் மந்திரம். எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு ஒரு நாள் பக்கத்து வீட்டுக் குழந்தை மடியில் தூங்கிப்போயிற்று. கையில் பிடித்திருந்த கிலுகிலுப்பை தானாக நழுவி விழுந்தது. குழந்தை அதை விடவில்லை, பிடிப்பதை மறந்துவிட்டது. அதுதான் சங்கதி! நாண் போன பிறகு கை தாடையை உரசிக்கொண்டு பின்னால் காதுப் பக்கம் போய் நிற்க வேண்டும். கை முன்னால் போனால், அம்பு போவதற்குள் மனசு முன்னால் போய்விட்டது என்று அர்த்தமாம்.

இனி விதிக்கு வருகிறேன். விதி என்றால் தலையெழுத்து அல்ல, போட்டிச் சட்டம்.

உலக வில்வித்தைச் சம்மேளனம் 1931-இல் ஆரம்பித்தது. அவர்கள் வில்லை ஜாதி ஜாதியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அதில் ஒன்று நெடுவில். ஆள் உயரத்துக்கு ஒற்றை வளைவாக இருக்கும், குறி பார்க்கும் கருவி எதுவும் கிடையாது. எல்லாம் கண்ணும் கையும்தான். அங்கேதான் விரல் சட்டம் கண்டிப்பு. அம்பு பூட்டும் இடம் நாணில் ஒன்றே ஒன்று. விரல்கள் எங்கே தொடங்கினவோ, கடைசி வரையில் அங்கேயே இருக்க வேண்டும். கை வந்து நிற்கும் இடம் தாடை என்றால் தாடை, கன்னம் என்றால் கன்னம். தூரத்துக்குத் தகுந்தபடி மாற்றக் கூடாது.

இதென்ன அற்பம், விரல் எங்கே இருந்தால் என்ன என்று தோன்றுகிறதா? எனக்கும் தோன்றியது. விஷயம் இதுதான். விரல்களை அம்பை விட்டு நாணில் கீழே இறக்கிக்கொண்டே போனால் அம்பின் வால் கண்ணுக்குக் கிட்டே வரும். அம்பின் முனையையே துப்பாக்கியின் முனை மாதிரி வைத்துக் கிட்டத்து இலக்கைக் குறி பார்க்கலாம். இத்தனை தூரத்துக்கு இத்தனை அங்குலம் என்று கணக்குப் போட்டு வைத்துக்கொண்டால் குறிக் கருவியே தேவையில்லை. 'பேர்போ' என்ற இன்னொரு ஜாதி வில்லுக்கு இந்த நடைக்கு அனுமதி உண்டு. நெடுவில்லுக்குக் கிடையாது. அளவுகோலை விரலுக்குள் ஒளித்து வைத்துக்கொண்டு வராதே என்கிறது சட்டம். நியாயமான சட்டம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இந்தச் சட்டத்தின் பேரால்தான் எங்களுக்கு ஒரு சோதனை வந்தது.

எங்கள் பெண்ணுக்கு இழுப்பதில் கஷ்டம் இல்லை. அம்பை நாணில் பூட்டுவதில்தான். அதற்கு மட்டும் எல்லோருக்கும் கட்டை விரல் வேண்டும். இவள் ஆள்காட்டி விரலுக்கும் நடு விரலுக்கும் இடையில், பேனா பிடிப்பதுபோல், அம்பைப் பிடித்துப் பூட்டுவாள். பூட்டியவுடன் விரல்கள் இருக்கிற இடம் ஒன்று, இழுப்பதற்கு முன் வந்து சேரும் இடம் வேறொன்று. தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு விரல்கள் நாணில் ஊர்கிற மாதிரிதான் இருக்கும். ஒரு சின்னப் போட்டி நடந்தது. நெடுவில்லுக்குச் சொன்ன அதே விரல் சட்டத்தைத்தான் அங்கே வைத்திருந்தார்கள். வேறொரு குழந்தையின் தகப்பனார் எழுந்து ஆட்சேபித்தார். "அந்தப் பெண் விரலை மாற்றி மாற்றி வைக்குது. கையில் குறையிருந்தால் தனிப் பிரிவில் போடுங்க" என்றார். உரக்கத்தான் சொன்னார். இவள் காதில் விழுந்தது. எனக்கு எதிரே வந்து உட்கார்ந்திருந்த என் மருமகள் எழுந்துவிட்டாள். பெண்ணை அழைத்துக்கொண்டு கிளம்பவே எழுந்தாள் என்று எனக்குத் தெரியும். நான் அவள் முந்தானையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

நடுவர் வயசானவர். பேசவே இல்லை. மெதுவாக நடந்து போய் என் பேத்திக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "எய்யம்மா" என்று மட்டும் சொன்னார்.

முதல் அம்பு. பூட்டினாள், விரல்களை எடுத்தாள், மறுபடி வைத்தாள். ஒன்று மேலே, இரண்டு கீழே. அடுத்த அம்பும் அப்படியே. மூன்றாவதற்கு அவள் தோள் நடுங்குவது எனக்கு அத்தனை தூரத்திலும் தெரிந்தது. இழுத்த நாணை விடாமல் இறக்கிவிட்டாள். மூச்சு வாங்கிக்கொண்டாள். மறுபடி வைத்தாள்: ஒன்று மேலே, இரண்டு கீழே, அம்பை ஒட்டினாற்போல். நாண் போயிற்று. கை காதுக்குப் பின்னால் போய் நின்றது.

நடுவர் ஆட்சேபித்தவரிடம் வந்தார். "விரல் மாறலை. சட்டத்தில் நாண் இழுக்கிற விரலைப் பற்றித்தான் இருக்கு. கட்டை விரலைப் பற்றி ஒரு வரி இல்லை" என்று சொல்லிவிட்டுத் தம் நாற்காலிக்குப் போய்விட்டார்.

பரிசு வாங்கினாளா என்று கேட்காதீர்கள். பத்தொன்பது பேரில் பதினோராவது. கடைசி இரண்டு சுற்றில் தேறினாள். ஆட்சேபித்தவருடைய மகள் நாலாவதாக வந்தாள், நன்றாகவே எய்தாள். அந்தப் பெண்தான் போட்டி முடிந்ததும் இவளிடம் வந்து, அம்பு பூட்டுவதை இன்னொரு தடவை செய்து காட்டச் சொன்னாள். இரண்டு பேரும் வெகு நேரம் விரல்களை ஆட்டிக்கொண்டு நின்றார்கள்.

தனிப் பிரிவு என்பதை நான் இளப்பமாகச் சொல்கிறேன் என்று எண்ணவேண்டாம். காஷ்மீரப் பக்கம் கிஷ்த்வாரில் பிறந்த ஷீத்தல் தேவிக்குப் பிறவியிலேயே இரண்டு கையும் இல்லை. உட்கார்ந்து, வலது காலால் வில்லை ஏந்தி, தோளால் இழுத்து, தாடை அசைவால் அம்பை விடுகிறாள். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் கலப்பு இரட்டையரில் வெண்கலம். 2025-இல் தென் கொரியாவின் குவாங்ஜூவில் உலகச் சாம்பியன். அங்கே பல்லால் நாணைக் கவ்வி இழுப்பவர்களும் உண்டு. அவரவர் உடம்புக்கு எது முடியுமோ அதற்குத் தக்கபடி சட்டத்தை வகுத்திருக்கிறார்கள். ஷீத்தலின் படத்தைப் பேத்தி தன் அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறாள். ஆனால் தனக்கு அந்தப் பிரிவு வேண்டியதில்லை என்று அவளே சொல்கிறாள்: "எனக்குத்தான் மூணு விரலும் இருக்கே!"

மூன்று விரலும் இருக்கின்றன. ஆனால் காய்த்துப் போய்விட்டன. கடையில் வாங்கிய தோல் உறை அவள் கைக்குப் பெரிது. மடிப்பு விழுந்து நாண் அதில் சிக்குகிறது. போன வியாழக்கிழமை அதை எடுத்துக்கொண்டு தல்லாகுளத்தில் செருப்புத் தைக்கிறவரிடம் போனேன். மிருதுவான தோலாக, சின்னதாக ஒன்று வேண்டும், அடுத்த மாதம் இன்னொரு போட்டி என்றேன். அவர் பேத்தியின் கையை ஒரு காகிதத்தில் வைத்து, ஆள்காட்டி விரல், நடு விரல், மோதிர விரல் என்று பென்சிலால் வளைத்துக்கொண்டே வந்து, கடைசியில் நிறுத்தினார்.

"கட்டை விரலுக்கு வேண்டாமாம்மா?"

பேத்தி என்னை முந்திக்கொண்டாள். "வேண்டாம்ணே, யாருக்குமே கிடையாது" என்றாள்.